அம்மம்மா வீடும் 40 மணித்தியாலமும்

ஜூன் கடைசியில் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டுகளின் லிஃப்டில் பெரிய சூட்கேஸ்கள் ஏறத் தொடங்கும். ரொறன்ரோப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். சும்மா இல்லை, சமூக சேவை செய்ய. ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் எடுக்க 40 மணித்தியாலம் சமூகப் பணி செய்தாக வேண்டும். அதை அம்மம்மா வீட்டில் நின்று கழித்துவிடலாம் என்பது தாய்மாரின் கணக்கு.

அம்மம்மாவுக்குச் சேவை என்றால் சேவைதான். "இஞ்ச வா ராசா, இந்தத் தேங்காயைத் திருவித் தா." அது செல்லாது. வீட்டில் வழமையாகச் செய்யும் வேலைகள் கணக்கில் வராது என்று விதி இருக்கிறது. வாகனம் ஓட்டுவது, மின்கருவி பிடிப்பது, சாரத்தில் ஏறுவது எதுவும் வராது. ஏற்றுக்கொண்ட வேலைகளின் பட்டியலில் இல்லாத வேலை என்றால் பள்ளிக்கூடத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கின பிறகு ஈமெயில் அடித்தால், அங்கே லீவு. செப்டெம்பரில்தான் பதில் வரும்.

விசாவிலும் ஒரு சிக்கல். இலங்கைக்குச் சுற்றுலா விசாவில் வருபவர் வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாத வேலையும் அதில் அடங்கும். ஆகவே எந்த அமைப்புக்குப் போகிறார்களோ, அந்த அமைப்பிடம் என்ன விசா தேவை என்று ரிக்கெற் போடுவதற்கு முன்னமே கேளுங்கள். "சின்னப் பிள்ளைதானே, ஆர் பார்க்கிறது" என்று மாமா சொல்வார். மாமா குடிவரவுத் திணைக்களத்தில் வேலை செய்பவர் இல்லை.

இவ்வளவையும் தாண்டி வந்தால் எல்லாருக்கும் கிடைக்கும் வேலை ஒன்றுதான், வகுப்பறைச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பது. படம் எடுத்தால் வடிவாக இருக்கும், மொழி தேவையில்லை, மாலையில் முடிந்த மாதிரியும் தெரியும். அடுத்த வருடம் வேறு பிள்ளைகள் வந்து அதே சுவருக்கு அடிப்பார்கள். போன வருடத்துப் பெயின்ற் அதற்குள் அப்பளமாக எழும்பியிருக்கும்.

ஏன் எழும்புகிறது? சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. அதற்கு மேலே அடித்தால் பெயின்ற் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. முதலில் சுரண்ட வேண்டும், கழுவ வேண்டும், நன்றாகக் காய விட்டு சான்ட் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும், பிறகு பிறைமர் என்ற அடிப்பூச்சு, அதன் பிறகுதான் நிறம். சுரண்டுவதை ஆரும் படம் எடுப்பதில்லை, அதனால் ஆரும் சுரண்டுவதுமில்லை.

மற்றக் காரணம் ஈரம். இங்கே பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து இறங்குவது தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில். சந்தேகம் என்றால் ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ரேப் ஒட்டி, அடுத்த நாள் காலையில் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி நின்றால் பெயின்ற் வாளியைத் திறக்கவே வேண்டாம். கடற்காற்றுப் படும் பக்கத்தில் உவரும் பூக்கும், அதைத் தண்ணீர் காட்டாமல் உலர்ந்த பிறஷால் தட்டிவிட வேண்டும்.

அளவு இப்படி: 20 அடிக்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 800 சதுர அடி. கதவு யன்னல் போனால் ஏறத்தாழ 650. கரடுமுரடான சுவரில் ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடி போகும் என்று வையுங்கள். இரண்டு கோட்டுக்கு 13 லீற்றர். 4 லீற்றர் வாளி மூன்று, ஒரு லீற்றர் டின் ஒன்று. கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரே கடையில் ஒரே தரமாக வாங்குங்கள். இரண்டாம் நாள் குறைந்த ஒரு லீற்றரை வேறு கடையில் வாங்கினால் நிறம் பொருந்தாது, கடைசிச் சுவர் மட்டும் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி நிற்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் குறைந்தது 4 மணித்தியாலம் விடுங்கள், மழை நாளில் இன்னும் கூட. அந்த இடைவெளியில் பன்னிரண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று முன்னமே யோசியுங்கள். யோசிக்காவிட்டால் அவர்கள் சுவிட்சுக்கும் அடிப்பார்கள்.

வெள்ளைக்காரர் இந்தச் சமூக சேவையை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போல் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. 1958 இல் கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனதொலுவ கிராமத்துக்குச் சிரமதானத்துக்குக் கூட்டிப் போனார். சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த முறையில் ஊர்ச்சனம் கதிரையில் இருந்து வேடிக்கை பார்ப்பதில்லை, கூட நின்று வெட்டும், கொத்தும். பெயின்றிலும் அதையே செய்யலாம். ஒரு பாஸை, அதாவது தொழில் தெரிந்த பெயின்ற்காரரை, கூலிக்குப் பிடித்து, பிள்ளைகளை அவருக்குக் கையுதவியாக விடுங்கள். சாரம் ஏறும் மேல்பகுதி பாஸுக்கு, கையெட்டும் பகுதி பிள்ளைகளுக்கு. திட்டும் அவரே திட்டுவார்.

பெயின்ற் வேண்டாம் என்றால் பள்ளிக்கூட நூலகத்துக்குப் போங்கள். புத்தகம் தட்டி, கிழிந்ததை ஒட்டி, தலைப்பும் ஆசிரியரும் எக்செலில் ஏற்றுவது ரொறன்ரோப் பிள்ளைக்கு நல்லாக வரும். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை இருத்துங்கள், அது சொல்லித் தரும், சிரிக்கவும் சிரிக்கும். சிறுவர் இல்லத்துக்கு மட்டும் இரண்டு கிழமை கொஞ்சிவிட்டு வர அனுப்பாதீர்கள். பழகிய முகம் மாறி மாறிப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல.

கடைசியில் படிவம். மணித்தியாலத்தை அந்தந்த நாளே எழுதி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கிளம்பும் நாள் மொத்தமாக வாங்கப் போனால் அவர் கதிர்காமம் போயிருப்பார். அம்மம்மாவின் கையெழுத்து வேண்டாம், சொந்தக்காரர் போட்டால் கேள்வி வரும். பொறுப்பாளரின் போன் நம்பரும் கேட்பார்கள். கோடையில் ரொறன்ரோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், அங்கே காலை 10 மணிக்கு எடுத்தால் இங்கே இரவு 7.30. நாடகம் ஓடுகிற நேரம். இங்கே மாலை 5.30 க்குள், அதாவது அங்கே காலை 8 மணிக்குள் எடுக்கச் சொல்லி எழுதிவிடுங்கள்.