அப்பாவின் ஜக்

கராஜ் தரையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஓர் எண்ணெய் வட்டம். மறுநாள் காலையில் அது தேநீர்த் தட்டு அளவாகிவிட்டது. அப்பாவின் மொரிஸ் மைனர் காரோடு வீட்டுக்கு வந்த, எண்ணெய் அழுத்தத்தில் காரைத் தூக்கும் 2 தொன் போத்தல் ஜக்தான் ஒழுகுகிறது. கார் எப்போதோ போய்விட்டது. ஜக்கைக் கொடுக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் எண்ணெய் குறைந்தபோது, கையில் இருந்த பிரேக் ஒயிலை விட்டு நிரப்பினேன். பெரிய கெட்டிக்காரத்தனம்! யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக்குக் கொண்டுபோனேன். திருத்துபவர் அடைப்பைக் கழற்றி மணந்த உடனேயே, “தம்பி, இதற்குள் என்ன விட்டீர்?” என்றார். பிரேக் ஒயில் கிளைக்கோல் வகை. ஜக்குக்கு விடுவது கனிய எண்ணெய். அதற்கென்று செய்த, ஒழுக்கைத் தடுக்கும் ரப்பர் வளையமான ‘சீல்’ பிரேக் ஒயில் பட்டால் ஊதிப்போகும். பிரித்து எடுத்தபோது சீல் ஊறிய புளிபோல விரலில் பிசுபிசுத்தது.

புதுச் சீல் போட்டால் சரி என்று நினைத்தேன். அவரோ காரைத் தூக்க மேலெழும் இரும்புத் தண்டைத் துடைத்து, நகத்தால் மேலிருந்து கீழே வருடிக் காட்டினார். இரண்டு இடத்தில் நகம் தடக்கியது. துருப் பள்ளம். எத்தனை சீல் போட்டாலும் அது அரிந்துவிடும். எங்கள் உப்புக் காற்று சும்மா விடுமா?

புதிய ஜக்தான் வாங்கினேன். ஜக்கை இறக்கும் திருகாணியைத் தளர்த்திப் பல தடவை அடித்துக் காற்றை வெளியேற்றிய பிறகே ஒழுங்காகத் தூக்கியது. தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்ட் வைக்காமல் காருக்குக் கீழே போகக்கூடாதென்று அவர் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

பழையது இப்போது விறாந்தைக் கதவுக்கு முட்டு. அம்மா அதன் கீழே பத்திரிகைத் தாளை மடித்து வைத்திருக்கிறார். இன்னும் ஒழுகுகிறது.