தடைக்காலக் குறிப்புகள்: குறைப்பதா, நிறுத்துவதா?

ஏப்ரல் 17, மண்டபம்

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நேற்று முன்தினம் தொடங்கிவிட்டதால், மற்ற மாதங்களில் எங்கள் குடிமீட்பு ஆலோசனை மையத்தின் பக்கம் தலைகாட்டாத ஆண்களும் மனைவியோடும் தாயோடும் வந்து அமர்கிறார்கள். இன்று வந்த மீனவர் ஒருவர் உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "மொத்தமா விடச் சொன்னீங்கன்னா இப்பவே கிளம்புறேன் சார். குறைக்க வழி சொல்லுங்க." எவ்வளவாகக் குறைக்க விரும்புகிறார் என்று கேட்டேன். ராத்திரிக்கு ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான் என்றார்.

42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்தி 180 மில்லியில் ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அதை மிகைக்குடி என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர் குறைவு என்று கருதும் அளவே மிகையின் எல்லையில் நிற்கிறது.

ஏப்ரல் 21

அவருடைய மனைவி தனியே பேசினார். விடிந்ததும் கை நடுங்குகிறதாம். கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் கிழிந்த வலையைத் தைக்க முடிகிறதாம். இப்படிப்பட்டவரிடம் இன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்வதும் ஆபத்தே. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாள்களில் இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலையும் வரக்கூடும். வைராக்கியமாக விட்டுவிட்டு மறுநாள் படகேறுபவருக்கு அந்த வலிப்பு நடுக்கடலில் வரக்கூடும் என்பதால், முழுவிலக்கைத் தொடங்குவதற்கு இந்தக் கரையில் தடைக்காலத்தைவிடப் பொருத்தமான பருவம் கிடையாது என்பது என் எண்ணம். நடுக்கத்துக்கு மருந்து வாங்கலாம் என்று மட்டும் சொல்லி, அரசு மருத்துவமனையில் சேர ஒப்புக்கொள்ள வைத்தோம். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், நாளுக்கு நாள் அளவு குறையும் மாத்திரையும் தொடங்கியிருக்கிறார்கள்.

மே 10

குடியை முழுதாக விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வழியில் மீண்ட சக ஆலோசகரோடு நீண்ட வாக்குவாதம். குறைக்க வருபவரை ஏற்பதே நோய்க்குத் துணைபோவது என்பது அவர் கட்சி. 1935இல் தொடங்கிய அவருடைய இயக்கம் எத்தனையோ பேரைக் கரைசேர்த்திருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சான்றாகக் காட்டும், உளவியலாளர்களான சோபெல் இணையரின் ஆய்வுக் கதைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. கலிபோர்னியாவின் பேட்டன் அரசு மருத்துவமனையில் 20 பேருக்கு அளவோடு குடிக்கப் பயிற்சியளித்து, நல்ல பலன் கிடைத்ததாக அவர்கள் 1973இல் எழுதினார்கள்; பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்பியதையும் நால்வர் இறந்ததையும் 1982இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை காட்டியது. முழுவிலக்கை இலக்காகக் கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். அந்தக் குழுவோடு கண்டனக் கட்டுரை ஒப்பிட்டுக் காட்டவில்லை. இலக்கின் பெயரை மாற்றினால் கடுமையான அடிமைநிலை லேசாகிவிடாது என்றுதான் இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. காலை நடுக்கமும் ஈரல் பாதிப்பும் உள்ளவருக்கு முழுவிலக்கையே சொல்வேன். அவை இல்லாதவர் குறைக்க வந்தால் வாசலிலிருந்து திருப்பியனுப்ப மாட்டேன்.

மே 27

மீனவரின் மச்சான் குடியை விடுவதாகக் கோயிலில் ஓராண்டுக்குக் கயிறு கட்டி வந்திருக்கிறார். படித்தவர்கள் சிரிக்கலாம், நான் சிரிப்பதில்லை. தினமும் மாலையில் 'இன்று குடிக்கலாமா' என்று மனதோடு மல்லுக்கட்டும் வேலையைக் கயிறு இல்லாமல் செய்துவிடுகிறது. கயிறு அவிழ்க்கும் நாள்தான் கவலை. தாங்கும் சக்தி குறைந்துபோன உடம்புக்குள் பழைய அளவு இறங்கும்.

ஜூன் 13

நாளை நள்ளிரவோடு தடை முடிகிறது. மீனவர் மருத்துவமனையிலிருந்து வந்தபின் குடிக்கவில்லை. ஈரல் பரிசோதனை முடிவைப் பார்த்தபிறகு குறைப்பதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை. கரையேறியதும் பங்கு பிரித்து, அந்தப் பணத்தோடு நேரே கடைக்குப் போகும் கூட்டாளிகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றார். அவர் பங்கை மனைவியிடம் கொடுத்துவிடப் படகு டிரைவர் சம்மதித்திருக்கிறார்.

அவர் அழைத்து வந்த இளைஞருக்கு நடுக்கமும் இல்லை, ஈரலும் நன்றாயிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு குவார்ட்டரை இருவர் ஆளுக்குப் பாதியாகப் பகிரும் கட்டிங் மட்டும் என்று அவரே கேட்டார். மூன்று மாதத்தில் ஈரல் பரிசோதனை, எல்லையை மீறினால் முழுவிலக்கு என்று அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சக ஆலோசகருக்கு இதில் உடன்பாடு இல்லை. அடுத்த பரிசோதனைக்கு அவரையும் உடன் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.