கோட்டுகள் குவிந்த படுக்கையறை

“அம்மா, அவங்க அப்பாகிட்ட நிஜத் துப்பாக்கி இருக்கு. கட்டில் பக்கத்து டிராயர்ல, கர்ச்சீஃபுக்கு அடியில.”

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்து முடிந்து வீடு திரும்பும்போது பெரியவன் பின்சீட்டிலிருந்து இதைச் சொன்னான். அவனுக்கு எட்டு வயது. சின்னவளுக்கு நான்கு, அவள் கார் சீட்டிலேயே தூங்கிவிட்டாள். ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார், பேசவில்லை. நான் குரலை முடிந்த அளவு சாதாரணமாக வைத்துக்கொண்டு, “நீ தொட்டியா?” என்று கேட்டேன்.

“தொடல. அவன்தான் எடுத்துக் காமிச்சான். எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னதும் உள்ள வெச்சுட்டான்.”

“வேற யார் யார் இருந்தீங்க?”

நான்கைந்து பிள்ளைகளின் பெயரைச் சொன்னான். கடைசியாக, “பாப்பாவும் இருந்தா” என்றான்.

அமெரிக்காவில், நாங்கள் இருக்கும் மிச்சிகனில், குளிர்காலத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் நடப்பது ஒன்றுதான். வாசலில் பூட்ஸைக் கழற்றுவோம். வீட்டுக்காரர் கோட்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டுபோய் மாடியில் தங்கள் படுக்கையறைக் கட்டிலில் குவித்துவிடுவார். பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் கீழே பிரியாணியும் பேச்சுமாக மூன்று மணி நேரம் இருப்போம். நடுவில் யாராவது “பசங்க எங்க?” என்று கேட்டால், “மேலதான் விளையாடிட்டு இருக்காங்க” என்று பதில் வரும், அதோடு எல்லோருக்கும் நிம்மதி. அன்று நானே அந்தக் கட்டிலில் எங்கள் நான்கு கோட்டுகளையும் போட்டேன். டிராயர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் பாட்லக் நடந்த வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். சொந்த அக்கா இல்லை. இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் எனக்குப் பிரசவம் பார்த்தவர், சின்னவளுக்கு முதல் குளியல் ஊற்றியவர். அதனாலேயே பேச நாக்கு எழவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லும்மா.”

சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “அது லோடு பண்ணி இருக்காதும்மா. தோட்டா போடற மேகசின் தனியாத்தான் இருக்கும்” என்றார்.

“நீங்க பாத்தீங்களாக்கா?”

“அவர் சொல்லியிருக்கார்.”

அரை மணி நேரத்தில் அக்காவே திரும்பக் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. “மேகசின் உள்ளதான்மா இருந்துச்சு” என்றார்.

இதை எழுதும்போதும் கை சில்லிடுகிறது. அக்கா மீது எனக்குக் கோபம் இல்லை. என் மீதுதான் நிறையக் கோபம். ஏனென்றால் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்கத் தெரியாதவள் இல்லை நான். இரண்டு வருடத்துக்கு முன்பே பக்கத்து வீட்டு அமெரிக்கரிடம் கேட்டேன். நவம்பர் 15 அன்று மான் வேட்டை சீசன் தொடங்கினால் விடியுமுன் ஆரஞ்சு நிற மேலங்கியோடு கிளம்பும் மனிதர். அவர் வீட்டில் துப்பாக்கி இருக்கும் என்று ஊகித்து, தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நேரே பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப்போய், தரையோடு போல்ட் அடித்த ஆளுயர இரும்புப் பெட்டகத்தைக் காட்டினார். தோட்டாக்கள் வேறொரு அலமாரியில், வேறு சாவி. “பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் அல்லவா” என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அது என் தூக்கத்தைக் கெடுத்தது. சின்னக் குழந்தைக்குக் கைப்பிடியைச் சுற்றி விரல் எட்டாது. அதனால் துப்பாக்கியைத் திருப்பி, குழாய் முனையைத் தன் நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் விசையை அமுக்கும்.

அவரிடம் கேட்ட நான் அக்காவிடம் கேட்கவில்லை. நம் ஆட்கள் வீட்டில் எங்கே துப்பாக்கி இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான். சாமி படம், குக்கர், பாட்டு வகுப்பு எல்லாம் இருக்கும் வீட்டில் அதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீட்டிலேயே அது வர இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தவரை இந்தப் பேச்சு எழவில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. கிரீன் கார்டு வந்த சில மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கராஜ் உடைக்கப்பட்டது. அந்த வாரம் அலுவலக நண்பர் ஒருவர் என் கணவரைச் சுடும் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தவர், “ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்” என்றார்.

அவர் வளர்ந்தது தேனிப் பக்கம். தாத்தா காட்டுப்பன்றி விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார், லைசென்ஸோடு. வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குமாம். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார்களாம். பேரப்பிள்ளைகள் அதன் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள், யாரும் தொட்டதில்லை. அவருக்கு அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். நான் டவுனில் பிறந்தவள். வங்கி வாசல் காவலாளி தோளில் பார்த்தது, தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுட்டது, அவ்வளவுதான் எனக்கும் துப்பாக்கிக்கும் உறவு. அதனால் ஆரம்பத்தில் எங்கள் சண்டை, “நீ சும்மா பயப்படற”, “உங்களுக்குப் பயமே இல்ல” என்ற அளவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நான் கேட்டேன்: “தாத்தாவோட தோட்டா எங்க இருக்கும்?” “பீரோவுல. சாவி தாத்தா இடுப்புல” என்றார். சரி, அப்படியானால் அந்தச் சுவரில் தொங்கியது வெறும் இரும்பும் மரமும்தானே. பன்றி வந்தால் நாய் குரைக்கும், தாத்தா எழுந்து பீரோவைத் திறப்பார், நேரம் இருந்தது. இங்கே கட்டில் பக்கத்தில் வைப்பவர்கள் நடு இரவில் ஐந்து நொடியில் கையில் எடுக்கத்தான் வைக்கிறார்கள். ஐந்து நொடியில் அப்பா கைக்கு வருவது பிள்ளை கைக்கும் வரும். எண்ணை அழுத்தினாலோ விரல் வைத்தாலோ உடனே திறக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். உண்மைதான். ஆனால் அப்போது அவர் பட்டியலில் துப்பாக்கி இருந்தது, பெட்டி இல்லை. “அலமாரி மேல் தட்டுல வெச்சா யாருக்கு எட்டும்?” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இதில் பொறுமை குறைவு, ஒத்துக்கொள்கிறேன். 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகனிலுள்ள ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுப் பையன் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தபோது நாங்கள் அங்கிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்தோம். அந்த வாரம் அடுத்தடுத்து வந்த மிரட்டல்களால் இந்தப் பகுதியில் நிறையப் பள்ளிகளை மூடினார்கள். அந்தத் துப்பாக்கியைப் பையனின் அப்பா வாங்கி நான்கே நாள் ஆகியிருந்தது. 2024-ல் தாய், தந்தை இருவருமே தனித்தனி விசாரணையில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 10 முதல் 15 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 13 முதல் மிச்சிகனில் புதுச் சட்டம்: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருக்கும், அல்லது வந்துபோக வாய்ப்புள்ள இடத்தில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். வந்துபோகும் பிள்ளைகளையும் சேர்த்தே சட்டம் சொல்கிறது. பாட்லக்குக்கு வந்த பத்துப் பிள்ளைகளும் அதில் அடக்கம். அக்காவுக்கும் அவர் கணவரான அண்ணாவுக்கும் இது தெரியாது. நான் சொன்ன பிறகுதான் படித்துப் பார்த்தார்கள்.

என் கணவரின் அடுத்த வாதம், “பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தா போதும்.” இதற்கு நான் நிறையப் படித்தேன். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, டிராயரில் சுடமுடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கியை வைத்தார்கள். 29 குழுக்களில் 21 அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒரு பையன் விசையை அழுத்தினான். கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா என்று தெரியாமல் இருந்தார்கள். சொல்லி வளர்த்தால் போதும் என்று எப்படி நம்புவது? என் பையன் தொடாமல் விட்டது அவனுக்குப் பயம் வந்ததால்தான். பயம் எல்லா நாளும் வராது, எல்லாப் பிள்ளைக்கும் வராது.

படித்ததையெல்லாம் சொல்லியும் அவர் அசையவில்லை. அதனால் ஒன்று செய்தோம். பழைய போன் ஒன்றைக் கறுப்பு சாக்ஸில் சுற்றிக் கொடுத்து, “துப்பாக்கியை எங்க வைப்பீங்களோ அங்க வைங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்” என்றேன். எங்கள் துணி அலமாரியின் மேல் தட்டில், விருந்தாளிப் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தார். எனக்கே ஸ்டூல் இல்லாமல் எட்டாத இடம்.

மூன்றாம் நாள் மாலை நான் அடுப்படியில் இருந்தேன். அவர் சோபாவில் லேப்டாப்போடு இருந்தார். சின்னவள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தாள், ஒரு கையில் சாக்ஸ் பாம்பு போலத் தொங்க, இன்னொரு கையில் போன். “அப்பா, இதுல கேம் இருக்கா?” என்று கேட்டாள். மாடியில் போய்ப் பார்த்தோம். அழுக்குத்துணிக் கூடை கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் பெரியவனின் அட்லஸ், அதன் மேல் தலையணை. தன் பிறந்தநாள் பரிசை நாங்கள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று தேடியிருக்கிறாள். அவர் அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். அப்புறம் குனிந்து அதை நிமிர்த்தி, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டார்.

அதற்காக அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தைக் காப்பது தன் பொறுப்பு என்று நினைக்கிற மனிதர், அதில் எனக்கு மரியாதை உண்டு. வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்பதுதான் இன்றும் என் முடிவு. இப்போதைக்கு இருவரும் ஒத்துக்கொண்டது இவ்வளவு: பெரியவனுக்கு 18 ஆகும்வரை வாங்குவதாக இருந்தால் இருவர் சம்மதமும் வேண்டும், முதலில் பெட்டகம், அப்புறம்தான் மற்றது, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. கணக்குப் பார்த்தால் பத்து வருடம். பையன் பதினான்கு பதினைந்தைத் தொடும்போது எனக்கு வேறொரு பயமும் சேரும். மனம் உடைந்த ஒரு நிமிடத்தில் துப்பாக்கி கைக்கு எட்டினால், பத்தில் ஒன்பது முறை அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதில்லை. அக்காவின் பெரிய பெண் பத்தாம் வகுப்பு. அன்று போனில் இதையும் சொன்னேன். அவர் அழுதார்.

இப்போது யார் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பினாலும் முதல் நாளே ஒரு செய்தி அனுப்புகிறேன்: “பெரியவனுக்கு வேர்க்கடலை ஆகாது. நாய் இருந்தால் சொல்லுங்கள், சின்னவள் பயப்படுவாள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.” வேர்க்கடலையோடு சேர்த்துக் கேட்பது எனக்கும் சுலபம், படிப்பவருக்கும் சுலபம். அமெரிக்கப் பெற்றோர் பெரும்பாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். நம்மவர்களில் ஒருவர், “எங்களை என்னன்னு நினைச்சீங்க?” என்று எழுதினார். அவர்கள் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருகிறான். நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

டிசம்பரில் அக்கா வீட்டில் மறுபடி பாட்லக். கோட்டுகளைக் கீழே ஆபீஸ் அறையிலேயே வாங்கி வைத்தார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அக்கா கையைப் பிடித்து, “வா, வந்து பாரு” என்று மாடிக்கு இழுத்துப்போனார். அண்ணாவும் பின்னால் வந்தார். துணி அலமாரிக்குள், சுவரோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டி. தோட்டா கீழே கராஜில் தனியாகப் பூட்டியிருக்கிறதாம். கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“நம்பர் யாரோட பிறந்தநாளும் இல்லையே அண்ணா?” என்று கேட்டேன்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அண்ணா ஒரு நிமிடம் நின்றார். “நீங்க ரெண்டு பேரும் கீழ போங்க, மாத்திட்டு வரேன்” என்றார்.