மூன்று கட்டம் போதும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

காலை மீட்டிங் முக்கால் மணி நேரம் ஓடியது. ஈரோட்டு ஜவுளிக்கடைக்குச் செய்யும் பில்லிங் மென்பொருளில் ஜிஎஸ்டி கணக்கு சரியாக வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. வேலைகளைக் குறித்துவைக்கும் டூலில் ஒரு டிக்கெட்டை, அதாவது ஒரு வேலைக்கான பதிவை, ‘ரிவ்யூவுக்குத் தயார்’ என்று போடுவதா, ‘ரிவ்யூ பெண்டிங்’ என்று போடுவதா, அதுதான் வழக்கு. “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார் புதிதாகச் சேர்ந்த பெண். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

பேன்ட்ரி பக்கத்து வெள்ளைப் பலகையைத் துடைத்து மூன்று கட்டம் போட்டோம்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. நடுக் கட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டுதான். டொயோட்டா கார் கம்பெனியில் பொறியாளர் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டையும் இந்த வழிதான். அடுத்த கட்டத்திலிருந்து அட்டை வந்தால்தான் முந்தைய கட்டத்தில் பாகம் செய்வார்கள். செய்து குவிக்க மாட்டார்கள்.

ஜூன் 11, புதன்

‘பார்கோடு லேபிள்’ சீட்டு நகரவே இல்லை. கடைக்காரர் அளவு சொல்லவில்லையாம். பழைய டூலில் இது ஏதோ ஒரு பட்டியலில் ஒளிந்திருக்கும். இங்கே டீ எடுக்கப் போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிறது. டெஸ்டிங் தம்பிக்குப் பொறுக்கவில்லை, ஃபோனை எடுத்துவிட்டார். “அண்ணா, லேபிள் ஒன்றரை இஞ்சா, ரெண்டு இஞ்சுங்களா?” அவ்வளவுதான், சீட்டு நகர்ந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

“ரிப்போர்ட் எங்கே?” என்று மேலிடம் கேட்டது. நியாயமான கேள்விதான். அமெரிக்க விமானக் கம்பெனி லாக்ஹீட்டின் ஸ்கங்க் வொர்க்ஸ் என்ற சின்னத் தனிக்குழு 1943-ல் எக்ஸ்பி-80 ஜெட் விமானத்தை 143 நாளில் கட்டியது. அந்தக் குழுவை நடத்திய கெல்லி ஜான்சனின் 14 விதிகளில் ஒன்று: ரிப்போர்ட் குறைவாக இருக்கட்டும், ஆனால் முக்கியமான வேலை முழுசாகப் பதிவாக வேண்டும். இந்தப் பின்பாதியைப் பலரும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். எளிமை என்ற பெயரில் எல்லாம் வாய்வார்த்தையிலேயே ஓடுகிறது. நாங்கள் ஒரே ஒரு ஷீட் வைத்திருக்கிறோம்: தேதி, முடிவு, சொன்னவர். திரும்பி வரும் துணிக்குப் பணமா, கிரெடிட் நோட்டா என்பதில் கடைக்காரரும் அவர் மகனும் இன்று வேறு வேறாகப் பேசினார்கள். ஷீட்டில் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன். அப்புறம் பேச்சில்லை.

ஜூன் 20, வெள்ளி

‘டெஸ்டிங்’ என்று நாலாவது கட்டம் வேண்டுமாம். நடுக் கட்டத்தில் சோதனைக்குக் காத்திருக்கும் சீட்டுகள் தேங்குவது கண்ணுக்கே தெரிகிறது. சரி, போடுங்கள் என்றேன். ஐந்தாவது கேட்டு வந்தால், எது தேங்குகிறது என்று முதலில் பலகையில் காட்டச் சொல்வேன்.