மழைக்காலக் கசாயமும் சில கண்டிப்புகளும்

திருகோணமலையில் வாடை தொடங்கினால் வீட்டுக்கு வீடு மல்லியும் இஞ்சியும் அவியும் மணம்தான். நல்ல விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குச் சில கண்டிப்புகள் உண்டு.

மல்லியைச் சாதுவாக வறுத்து, இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, நாலைந்து மிளகும் போட்டு மண்சட்டியில் அவிப்போம். எட்டுக் கிளாஸ் தண்ணி ஒன்றாக வற்றும் கசாயமெல்லாம் வைத்தியர் தந்த சரக்குக்குத்தான். சளி, தடிமனுக்கு மல்லித் தண்ணி போதும். அன்றைக்கு வைத்தது அன்றைக்கே முடிய வேண்டும். மிச்சத்தை மறுநாள் சூடாக்கிக் குடிப்பது அம்மாவுக்குப் பிடிக்கும், நான் விடுவதில்லை. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக்கூடாது, எந்தப் பெரியவர் சொன்னாலும் சரி.

அதிமதுரம் இனிக்கிறதே என்று தினமும் போடுகிறார்கள். அது பிரஷரை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அதைவிட எனக்குப் பயம் காமரங்காய், அதாவது நட்சத்திரப் பழச் சாறுதான். சீனி வருத்தத்துக்கு நல்லதென்று வெறும் வயிற்றில் கிளாஸ் கணக்கில் குடிக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து அதைப் பழுதாக்கும். சீனி உள்ளவர்களுக்கோ சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம்.

காய்ச்சல் என்றால் கதை வேறு. பப்பாசி இலைச் சாற்றை நம்பி நாளைக் கடத்தாமல், மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதித்துவிடுங்கள். டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இப்யூபுரூஃபன் ஆபத்து. பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. அப்புறம், வீட்டில் என்ன கசாயம் குடித்தீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று மறைக்கிறவர்கள்தான் அதிகம்.