எஃப்.ஐ.ஆர். எழுதிய கதவு: கால்வே நாட்குறிப்பு

ஜூன் 13, 2024, வியாழன்

மகள் டப்ளின் ஹூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கம்மா, தொலைஞ்சு போற அளவுக்கு அது பெரிய ஊர் இல்ல" என்றாள். இரண்டரை மணி நேரத்தில் அயர்லாந்து நாட்டையே குறுக்காகக் கடந்து மேற்குக் கரையில் இருக்கும் கால்வேக்கு வந்துவிட்டோம்.

ரயிலில் ஊர்ப்பெயரை முதலில் ஐரிஷில் அறிவிக்கிறார்கள், அப்புறம்தான் ஆங்கிலம். கால்வேக்கு 'கலிவ்' என்று பெயர். ஸ்டேஷனுக்கு ஏமன் கியான்ட்டின் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின்போது விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர். பிரிட்டிஷார் சுட்டுக் கொன்றார்கள்.

வெளியே வந்தால் எதிரிலேயே ஏர் சதுக்கம். உள்ளே இருக்கும் பூங்காவுக்கு அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பெயர். 1963 ஜூனில் இங்கே வந்து பேசிவிட்டுப் போனவர், அந்த நவம்பரிலேயே சுடப்பட்டார். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் போகவில்லை. "பொழுதே சாயல, ராத்திரிச் சாப்பாடு எப்படி இறங்கும்?" என்கிறார் இவர். ஆனாலும் இறங்கியது.

ஜூன் 14, வெள்ளி

ஷாப் ஸ்ட்ரீட்டில் வண்டி வராது, நடைதான். பத்தடிக்கு ஒருவர் பாடுகிறார். ஒரு பிடில் காதிலிருந்து மறைவதற்குள் அடுத்த கிதார் வந்துவிடுகிறது. பார்ப்பதற்கென்று பெரிய கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. இருக்கிற லிஞ்ச் கோட்டையும் இப்போது வங்கிக் கிளை. வில்லியம் ஸ்ட்ரீட் பெஞ்சில் இரண்டு வெண்கல ஆசாமிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட், மற்றவர் எஸ்டோனிய எழுத்தாளர் எடுவார்ட் வில்டே. உயிரோடு இருந்தபோது சந்திக்காதவர்களாம். 2004இல் எஸ்டோனியா அன்பளிப்பாகக் கொடுத்த சிலை. நடுவில் நான் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் மழை. வெயிலும் கூடவே அடித்தது. நம்மூர்க் கணக்கில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம். இங்கே ஒரு நாளைக்கு நாலு முகூர்த்தம் போல. ஒதுங்க ஒரு பப்புக்குள் நுழைந்தோம். மூலை மேசையில் ஐந்தாறு பேர் குழலும் பிடிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேடை கிடையாது. நடுவே நிறுத்தி, ஒரு வாய் பியர் குடித்து, வம்பு பேசி, மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் டீதான் கேட்டோம், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

இவர் கழிவறைக்கு எழுந்து போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார், முகம் சிவந்து.

"ஒரு கதவுல எஃப்.ஐ.ஆர்.னு எழுதியிருக்குடி. இன்னொண்ணுல எம், என், ஏ. மேன்ங்கறத மாத்தி எழுதிட்டான்னு நெனச்சு அதுல போயிட்டேன்."

முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து எஃப்.ஐ.ஆர். எழுதியே ஓய்வு பெற்றவர். அந்தக் கதவை எப்படித் திறப்பார்? ஐரிஷில் 'ஃபிர்' என்றால் ஆண்கள், 'ம்னா' என்றால் பெண்கள். உள்ளே இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து எங்கள் மேசையில் விளக்கிவிட்டுப் போனார். தினமும் யாராவது வருகிறார்களாம்.

ஜூன் 15, சனி

காலையில் விடுதிக்காரப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உனக்கு ஐரிஷ் வருமா?" என்று கேட்டதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. பள்ளி முடியும்வரை அவளும் படித்திருக்கிறாள். இன்றைக்குச் சரளமாக வருவது ஒரே வாக்கியம்தானாம்: "அன் வில் கேத் அகம் துல் கூ ஜீ அன் லெஹ்ரஸ்?" வகுப்பில் ஐரிஷில் கேட்டால்தான் விடுவார்கள் என்பதால், நாடு முழுக்க எல்லோருக்கும் மறக்காமல் நிற்கும் வாக்கியம். பொருள்: நான் கழிவறைக்குப் போக அனுமதி உண்டா?

இவர் அதைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார்.

புனித நிக்கலஸ் தேவாலயத்தை ஒட்டிச் சனிக்கிழமைச் சந்தை. 1320 வாக்கில் கட்டிய கோயில். கொலம்பஸ் இங்கே பிரார்த்தித்தார் என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். சீஸும் சிப்பியும் பூங்கொத்தும் ஒரே வரிசையில். சிப்பியை உயிரோடு விழுங்குவது நம்மால் ஆகாது.

ஜூன் 16, ஞாயிறு

காலெல்லாம் வலி. கோரிப் ஆறு ஏரியில் புறப்பட்டு ஆறு கிலோமீட்டரில் கடலில் சேர்ந்துவிடுகிறது. அவ்வளவு அவசரம் அதற்கு! பழைய நகரச் சுவரில் மிஞ்சிய ஸ்பானிஷ் வளைவு, எதிர்க்கரை கிளாடாவில் அன்னங்கள், பிறகு சால்ட்ஹில் கடற்கரை நடை. நடைபாதை முடியும் இடத்தில் எல்லோரும் சுவரை ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. நாங்களும் உதைத்தோம்.

ஜூன் 17, திங்கள்

இனிஷ்மோர் தீவு. ரோசவீல் துறைமுகத்துக்குப் பேருந்து, அங்கிருந்து நாற்பது நிமிடம் படகு. வழியில் ஊர்ப்பலகைகளில் ஆங்கிலம் மறைந்துவிட்டது. ஐரிஷ் பேசும் கேல்டாக்ட் பகுதிகளில் 2005 முதல் ஊர்ப்பெயர் ஐரிஷில் மட்டுமே.

ஐந்து நாளாகப் பலகையில் படித்த மொழியை இங்கேதான் காதால் கேட்டேன். எங்களை ஏற்றிய குதிரை வண்டிக்காரர் எங்களிடம் ஆங்கிலம் பேசினார். எதிரே வரும் வண்டிக்காரரிடம் ஐரிஷ். குதிரையிடமும் ஐரிஷ். திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா தெரியவில்லை, குதிரைக்குப் புரிந்தது.

டூன் எங்கசா கற்கோட்டை மலை உச்சியில். அரை வட்டமாகச் சுவர், மறுபக்கம் சுவரே இல்லை. நேரே கீழே கடல், சுமார் 100 மீட்டர். வேலியும் கிடையாது. இவர் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தார். நான் பத்தடி தள்ளி நின்று அவர் சட்டையைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்து ஒரு டீக்கடை. கடைக்காரப் பெரியம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். இவர் குறிப்பேட்டைத் திறந்தார், தொண்டையைச் செருமினார், அந்த வாக்கியத்தை முழுசாகப் படித்தார். ஸ்டேஷனில் வாக்குமூலம் படித்துக் காட்டும் அதே குரல்.

பெரியம்மா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட டீச்சர் போல நிமிர்ந்து பார்த்து, "தா" என்றார். உண்டு என்று அர்த்தம். பின்பக்கம் கை காட்டினார்.

இவர் எஃப்.ஐ.ஆர். கதவைத் திறந்து உள்ளே போனார்.