ஏலம் போன வீடு, ஈயக் குழாய், கையெழுத்துப் போட ஆளில்லை

மிச்சிகனில் வங்கி ஜப்தி செய்த பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், பையில் ஒரு காந்தமும் சாவியும் வைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் பேஸ்மென்ட்டில் தலைகாட்டும் இடத்தைச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளியாகப் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் ஈயம்தான். எங்கள் வீட்டில் சுரண்டவே வேண்டியிருக்கவில்லை. வால்வுக்குக் கீழே வெங்காயம் போல உப்பியிருந்த இணைப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

விற்ற வங்கியின் ஏஜென்ட் எதைக் கேட்டாலும் "உள்ளது உள்ளபடிதான்" என்றார். சரி, மாநில விதி நம் பக்கம் இருக்கிறதே என்ற தைரியம் எனக்கு. ஃப்ளின்ட் நகரக் குடிநீரில் ஈயம் கலந்த விவகாரத்துக்குப் பிறகு 2018-இல் வந்த விதி அது. வீட்டுக்குள் 18 அங்குலம் வரை, அதற்கு முன்பே வால்வு வந்தால் அதுவரை, ஈயக் குழாயை மாற்றும் செலவு தண்ணீர் வழங்குபவர்களுடையது.

ஊர் அலுவலகத்தில் கேட்டால், எங்கள் தெருவில் வேலை எப்போதோ முடிந்துவிட்டதாம்! எங்கள் முகவரிக்கு நேராக மட்டும் "உரிமையாளர் சம்மதம் இல்லை" என்று குறிப்பு. சம்மதம் யார் தருவது? ஏலத்துக்குப் பிறகும் பழைய உரிமையாளர் வீட்டை மீட்டுக்கொள்ள இங்கே பொதுவாக 6 மாத அவகாசம் உண்டு. அவர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அப்போது வங்கியின் கைக்கும் வீடு முழுசாக வந்திருக்கவில்லை. நாங்கள் சாவி வாங்கிக் கதவைத் திறந்தபோது, சம்மதப் படிவம் பீட்சா விளம்பரங்களோடு பிரிக்காமல் கிடந்தது.

இப்போது நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றால், ஊர் அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த அம்மணி திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் வங்கியின் பெயர். "அவர்கள்தான் கையெழுத்திட வேண்டும்." வங்கியோ, "விற்றுவிட்டோம், எங்களுக்குச் சம்பந்தமில்லை." மறுபடி கவுன்ட்டரில் பத்திர நகலை நீட்டினால், பதிவு முத்திரை இல்லை, போய்விட்டு வா. கவுன்ட்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவாகித் திரும்பி வருவதற்குள் குழாய் போடும் குழு வேறு பகுதிக்குப் போய்விடுமே என்று வயிற்றெரிச்சல்.

காப்பாற்றியது வேறொரு காகிதம். வீடு கைமாறிய 45 நாளுக்குள் உள்ளூர் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் 'ப்ராப்பர்டி ட்ரான்ஸ்ஃபர் அஃபிடவிட்' என்ற உரிமை மாற்ற அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். அந்த அலுவலகம் அதே கட்டடத்தின் மாடியில்! முத்திரை வைத்த நகலோடு கீழே வந்தேன். அம்மணி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் படிவத்தைத் தள்ளினார். விற்பனைப் பத்திர வேலைகளைப் பார்க்கும் டைட்டில் கம்பெனியே தாக்கல் செய்வதாகச் சொன்னாலும் ஒரு நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குழாய் மாற்றும் வேலை அரை நாளில் முடிந்தது. புல்தரைக் குழியைத்தான் இன்னும் யாரும் மூடவில்லை.

அப்புறம், மாற்றிய கையோடு வீட்டுக்குள் தண்ணீர் பிடிக்கும் குழாய்களின் முனைகளில் இருக்கும் வலைகளைக் கழற்றிக் கழுவுங்கள். ஈயத் துகள் அங்கேதான் தங்கும். ஈயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற ஃபில்டரையே வாங்குங்கள். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்றார். கொதித்தால் ஈயம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.